அப்பாவின் கிதாரும் மேவிஸின் குரலும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம். தொடக்கத்தில் ஒரு பாடல் ஒலிக்கவிடப்பட்டது.)

இப்போது நீங்கள் கேட்டது ‘ஐ வில் டேக் யூ தேர்’. 1972 ஜூனில் அமெரிக்கப் பாப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. பாடியவர்கள் ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற குடும்பக் குழு. ஓர் அப்பா, மூன்று மகள்கள். நடுவில் நின்று இடிக்கிற அந்தக் கனத்த குரல் அவர்களில் இளையவரான மேவிஸ் ஸ்டேபிள்ஸுடையது. பாட்டின் பாதியில் கிதார் முன்னுக்கு வரும் இடத்தில், அவர் தன் அப்பாவைக் கூப்பிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அப்பா பேர்பெற்ற கிதார்க் கலைஞர். ஆனால் அந்த இடத்தில் வாசிப்பவர் அப்பா அல்ல. எட்டி ஹின்டன் என்ற ஸ்டுடியோக் கலைஞர். மகள் அப்பாவைக் கூப்பிடுகிறார். பதில் சொல்வது வேறொருவருடைய கிதார். இதைப் பெரிய மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டுடியோவில் இது அன்றாட நடைமுறை. ஆனால் மேவிஸின் வாழ்க்கையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

குடும்பப் பாப் குழு என்றால் நமக்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. ஜாக்சன் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள், கார்பென்டர்ஸ் அண்ணன் தங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பான பெற்றோர், பறிபோன பிள்ளைப் பருவம், பிற்பாடு ஒரு முறிவு. ஸ்டேபிள் குடும்பத்தில் அந்த அளவுக்கு ரத்தக்கறை இல்லை. அதனாலேயே அவர்களைப் பற்றி எழுதியவர்களும் குறைவு. சண்டை இல்லாத வீட்டைப் பற்றிப் பத்திரிகைக்காரர் என்ன எழுதுவார்? (சிரிப்பு) ஆனால் இசையைப் பொறுத்தவரை அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டுக்குள்ளேயே, அந்த வீட்டின் அளவுக்குத் தைக்கப்பட்ட குரல், வீடு இல்லாமல் போன பிறகு என்ன செய்யும்?

முதலில் அப்பா. ரோபக் ஸ்டேபிள்ஸ், ஊரார் வாயில் ‘பாப்ஸ்’. 1914 டிசம்பரில் மிசிசிப்பியில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. குடும்பம் டாக்கரி என்ற பருத்திப் பண்ணையில் குடியேறியது. ப்ளூஸ் இசையின் வரலாறு எழுதுகிற எவரும் அந்தப் பண்ணையைத் தாண்டிப் போக முடியாது. ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டன் வாசித்துத் திரிந்த இடம் அது. பையன் பாப்ஸ் அவரைக் கேட்டுக் கேட்டுக் கிதார் பழகினார். 1930களின் நடுவில் மனைவி ஓசியோலாவோடு குடும்பமாகச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தெற்கிலிருந்து வடக்கே லட்சக்கணக்கான கறுப்பர்கள் கிளம்பிய பெரும் இடப்பெயர்வில் இவர்களும் ஒரு குடும்பம். இறைச்சிக்கூடத்தில் வேலை, பிறகு இரும்பாலை, இன்னும் கிடைத்த வேலையெல்லாம். கிதாரைப் பல ஆண்டுகள் தொடவில்லை.

மாலை வேளைகளில் ஓர் ஆண்கள் கோஸ்பல் குழுவில் பாடிவந்தார். கோஸ்பல் என்பது கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த பக்திப் பாட்டு. ஒத்திகைக்கு ஆறு பேர் வர வேண்டும். இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேர் வருவார்கள். ஒருநாள் பொறுமை போய்விட்டது. வீட்டுக்கு வந்தார், அடகுக்கடையில் வாங்கிய கிதாரை எடுத்தார், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். க்ளியோத்தா, பெர்விஸ், மேவிஸ், இவான். மிசிசிப்பியில் தன் அண்ணன் அக்காமார் எந்தெந்தக் குரலைப் பிடித்துப் பாடினார்களோ அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகளாவது ஒத்திகையை விட்டு ஓடிப்போக மாட்டார்கள் அல்லவா? குழு பிறந்த கதை இவ்வளவுதான். 1948-ல் கேட்டி அத்தையின் தேவாலயத்தில் முதன்முதலாகப் பாடினார்கள். சபை விடவில்லை, திரும்பத் திரும்பப் பாடச் சொன்னது. தெரிந்ததோ ஒரே பாட்டு. மேவிஸுக்கு அப்போது வயது ஒன்பதுகூட இல்லை.

அந்தச் சிறுமியின் குரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெண் குழந்தைக்குச் சாதாரணமாக வாய்க்கிற குரல் அல்ல அது. மந்தர ஸ்தாயியில் அடிவயிற்றிலிருந்து கிளம்புவது. ஓரத்தில் ஒரு கரகரப்பு. முதலில் அப்பா அவருக்குக் கொடுத்தது கீழ்க்குரல் பாகம். மேல்குரலில் முன்னணி வகித்தவர் அண்ணன் பெர்விஸ். அண்ணனுக்குக் குரல் உடைந்ததும் அப்பா தங்கையை முன்னால் தள்ளினார். தங்கைக்கு இஷ்டமில்லை. பின்னால் நின்று கீழ்க்குரல் பாடுவதுதான் தனக்குப் பிடிக்கும் என்று அவர் பின்னாளிலும் சொல்லியிருக்கிறார். இதை நான் வெறும் தன்னடக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாடகிக்கு முதலில் பழக்கமானது, மற்ற குரல்கள் தன்னைச் சுற்றி நிற்பது.

சிறு வயதில் சில காலம் மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தபோது, பள்ளி நிகழ்ச்சியில் ஒரு ப்ளூஸ் பாட்டைப் பாடிவிட்டார். மாமா மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார், பாட்டி பிரம்பை எடுத்தார். இந்தக் குடும்பத்தில் தேவாலயப் பாட்டு மட்டும்தான் என்பது அன்று அவருக்குத் தோலில் பதிந்தது. இன்னொரு பாடம் கொஞ்சம் அன்பாகக் கிடைத்தது. கோஸ்பல் பேரரசி மஹாலியா ஜாக்சன் வந்திருந்த கூட்டத்தில் பாடி முடித்துவிட்டு, வேர்த்து நனைந்த உடம்போடு கயிறு தாண்டி விளையாட வெளியே ஓடியிருக்கிறார். மஹாலியா பிடித்து நிறுத்தி, ரொம்ப நாள் பாட ஆசை இருந்தால் போய் உலர்ந்த துணி மாற்றிக்கொள் என்று திட்டி அனுப்பினாராம். எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறியவருக்கு அந்த அறிவுரை வீண்போகவில்லை.

1956-ல் ‘அன்க்ளவுடி டே’ வெளியானது. சிகாகோவின் வீ-ஜே நிறுவனம் வெளியிட்டது. கறுப்பர்களே நடத்திய நிறுவனம். இந்தப் பதிவை இன்று இரவு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தொடக்கத்தில் அப்பாவின் மின்கிதார் மட்டும் நடுங்குகிறது. ட்ரெமலோ என்று சொல்வார்கள். ஒலி தண்ணீரில் விழுந்த வெளிச்சம்போல அலையும். அப்புறம் குரல்கள் நிதானமாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு நுழைகின்றன. டிரம் இல்லை என்றே சொல்லலாம், பியானோ இல்லை, ஆர்கன் இல்லை. அந்தக் காலத்துக் கோஸ்பல் குழுக்கள் தொண்டை கிழியக் கத்திச் சபையை மயக்கமடைய வைத்துக்கொண்டிருந்தன. இவர்கள் வழி நேரெதிர். நிறைய இடைவெளி, அந்த இடைவெளிக்குள் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் ஆழக்குரல். வானொலியில் கேட்டவர்கள் அது ஆண் குரல், இல்லாவிட்டால் உடல் பருத்த நடுவயதுக்காரியின் குரல் என்று பந்தயம் கட்டினார்கள். மேடையில் ஒல்லியாக ஒரு சிறுபெண் வந்து நின்றதும் பந்தயப் பணம் கைமாறியது. மினசோட்டாவில் ஒரு சிறுவன் நள்ளிரவு வானொலியில் இதைக் கேட்டுத் தூக்கத்தை இழந்தான். அவன் பெயர் பாப் டிலன். பிற்காலத்தில் அவர் மேவிஸை மணக்க விரும்பியதும், அதை முதலில் அப்பாவிடம் போய்ச் சொன்னதும், அப்பா ‘என்னிடம் ஏன் சொல்கிறாய், அவளிடம் சொல்’ என்ற பொருளில் பதில் சொன்னதும் மேவிஸே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. கல்யாணம் நடக்கவில்லை. அதற்குமேல் அதில் நமக்கு வேலையில்லை.

1957-ல் மேவிஸ் பள்ளி முடித்தார். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா வேலையை விட்டார், குடும்பம் முழுநேரமாகக் காரில் ஏறியது. அன்றைய தெற்கில் கறுப்பினக் குடும்பம் காரில் ஊர்விட்டு ஊர் போவது சாதாரணக் காரியம் அல்ல. எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறைக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 1960களின் நடுவில் ஓர் இரவு, மெம்ஃபிஸ் அருகே பெட்ரோல் பங்க் ஊழியனோடு தகராறு வந்து, ஆற்றைக் கடந்ததும் போலீஸ் அவர்கள் காரை நிறுத்தியது. துப்பாக்கி முனையில் கைவிலங்கிட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கச்சேரிப் பணம் காரில் இருந்ததால் கொள்ளைக்காரர்கள் என்று சந்தேகம். அங்கிருந்த அதிகாரிக்கு இவர்கள் யாரென்று தெரிந்ததால் தப்பினார்கள்.

இதற்கிடையில் மாண்ட்கொமரி நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்கப் பாப்ஸ் பிள்ளைகளை அழைத்துப் போனார். விடுதிக்குத் திரும்பியதும், இந்த மனிதர் இதைப் பிரசங்கம் செய்ய முடியுமானால் நம்மால் இதைப் பாட முடியும் என்று சொன்னாராம். அன்றுமுதல் குழுவின் திசை மாறியது. லிட்டில் ராக் பள்ளியில் சேரவந்து தடுக்கப்பட்ட ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை நினைத்துப் பாப்ஸ் எழுதிய பாட்டு கிங்குக்கு மிகவும் பிடித்தது. கூட்டத்துக்கு முன் அதைப் பாடச் சொல்லிக் கேட்பார். 1965-ல் செல்மாவிலிருந்து மாண்ட்கொமரிக்கு நடந்த நடைப்பயணத்தை வைத்து ‘ஃப்ரீடம் ஹைவே’ எழுதினார். அடுத்த மாதமே சிகாகோவில் ஒரு தேவாலயத்தில் சபையோர் முன்னிலையில் அது பதிவானது. அந்தப் பதிவில் சபையின் கைதட்டலும் தாளத்தோடு சேர்ந்து ஒலிக்கிறது. பக்திப் பாட்டு எங்கே முடிந்து அரசியல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் அந்தச் சபைக்கு இருக்கவில்லை.

1968 ஏப்ரலில் கிங் மெம்ஃபிஸில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இவர்கள் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். ஓட்டிஸ் ரெடிங் பாடிய நிறுவனம். முதல் இரண்டு ஆல்பங்கள் பெரிதாக எடுபடவில்லை. மேவிஸைத் தனியாகவும் பாட வைத்துப் பார்த்தார்கள். நல்ல பாட்டுகள்தான், விற்கவில்லை. பிறகு நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான ஆல் பெல் பொறுப்பைக் கையில் எடுத்தார். அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற சிறிய ஊருக்கு அவர்களை அழைத்துப் போனார். அங்கே இருந்த பக்கவாத்தியக்காரர்கள் வெள்ளைக்காரர்கள். கேட்டவர்களில் பலர் அவர்களைக் கறுப்பர்கள் என்றே நம்பினார்கள். டேவிட் ஹூட் பேஸ், ரோஜர் ஹாக்கின்ஸ் டிரம், பாரி பெக்கெட் கீபோர்டு. 1971-ல் ‘ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்’, 1972-ல் நீங்கள் சற்றுமுன் கேட்டது.

அந்தப் பாட்டு பிறந்த விதம் சொல்லத்தக்கது. ஆல் பெல்லின் தம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்கம் முடிந்து, லிட்டில் ராக்கில் அப்பா வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய பள்ளிப் பேருந்தின் முன்மூடியில் உட்கார்ந்திருந்தபோது பாட்டின் வரிகள் தமக்குள் வந்ததாக பெல் சொல்லியிருக்கிறார். அழுகையும் கவலையும் இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்பதுதான் பாட்டின் சாரம். பேஸ் ஓட்டமோ ஜமைக்காவில் ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் 1969-ல் வெளியிட்ட ‘லிக்விடேட்டர்’ என்ற ரெக்கே இசைத்துண்டிலிருந்து எடுத்தது. முழுப் பாட்டும் இரண்டே இரண்டு கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள். சரணம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. மேவிஸ் முனகுகிறார், கூப்பிடுகிறார், வாத்தியக்காரர்களைப் பேர் சொல்லி அழைக்கிறார். தேவாலயத்தில் போதகரும் சபையும் மாறி மாறிக் குரல் கொடுப்பார்களே, அதே முறைதான். நடனக்கூடத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

இதற்குத் தேவாலயங்களில் எதிர்ப்பு வந்தது. பிசாசின் இசையைப் பாடுகிறார்கள் என்றார்கள். பிசாசுக்கென்று சொந்தமாக இசை எதுவும் கிடையாது என்பது மேவிஸின் பதில். எனக்கு இந்தப் பதில் பிடிக்கும். ஆனாலும் எதிர்ப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் இழந்ததாக நினைத்தது கடவுளை மட்டும் அல்ல, 1956-ன் அந்த இடைவெளியையும்தான். மஸில் ஷோல்ஸ் பதிவுகள் ஆடவைக்கின்றன. பாப்ஸின் நடுங்கும் கிதார் அங்கே ஓரத்துக்குப் போய்விட்டது. முன்பு சொன்ன எட்டி ஹின்டனின் கிதாரை இங்கே நினைத்துப் பாருங்கள். 1975-ல் கர்டிஸ் மேஃபீல்டு எழுதித் தயாரித்த திரைப்படப் பாட்டு ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ இரண்டாவது முறை அவர்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனது. படுக்கையறை வாடையடிக்கும் வரிகளைப் பாட பாப்ஸ் முதலில் மறுத்தார். ஆண்டவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று மேஃபீல்டு கெஞ்சிக் கேட்டுச் சம்மதிக்க வைத்தார்.

அதே ஆண்டு ஸ்டாக்ஸ் திவாலானது. டிஸ்கோ வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளை இங்கே நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன்; இசையில் சொல்ல அதிகம் இல்லை. ஒரு விதிவிலக்கு, மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கி 1978-ல் வந்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’. தி பேண்ட் குழுவோடு சேர்ந்து ஸ்டேபிள் குடும்பம் ‘தி வெயிட்’ பாடும் காட்சி. பாட்டு முடிந்து ஒலி அடங்கும் கணத்தில் மேவிஸ் தனக்குத்தானே மெல்ல, அழகு என்று சொல்வது ஒலிவாங்கியில் விழுந்துவிட்டது. ஸ்கார்செஸி அதை வெட்டவில்லை.

1980களின் முடிவில் பிரின்ஸ் அவரைத் தன் நிறுவனத்துக்கு அழைத்தார். 1989-லும் 1993-லும் இரண்டு ஆல்பங்கள். பிரின்ஸ் பேசக் கூச்சப்படுவார் என்பதால் மேவிஸ் அவருக்குத் தன் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாகக் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்களிலிருந்து பிரின்ஸ் பாட்டுகள் செய்தார். அன்பான ஏற்பாடு. ஆனால் அந்த ஆல்பங்களைக் கேட்கும்போது எனக்கு மூச்சுமுட்டுகிறது. சிந்தசைசர், டிரம் மெஷின், அடுக்கடுக்கான பின்னணிக் குரல்கள். பிரின்ஸ் மேதை, அதில் தகராறு இல்லை. ஆனால் இந்தக் குரலைச் சுற்றி எதையாவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேவிஸின் தனி ஆல்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றதற்குக் காரணம், குடும்பத்தை விட்டு அவரால் தனியாகப் பாட முடியாது என்பது அல்ல. அப்பா விட்டுவைத்த காலி இடத்தை மற்றவர்களுக்கு விட்டுவைக்கத் தெரியாததுதான்.

2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்தார். எண்பத்தாறு வயதாக ஒன்பது நாள் பாக்கி. மேவிஸ் முடங்கிப்போனார். அரை நூற்றாண்டாக எந்தச் சுருதியில் தொடங்குவது என்று அப்பாவின் கிதார்தான் சொல்லியிருக்கிறது. பாட்டை நிறுத்திவிடலாம் என்று இருந்தவரை எழுப்பி உட்கார வைத்தவர் அக்கா இவான். அப்பா இதை விரும்ப மாட்டார், எழுந்து பாடு என்றார். இவானைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. மேடையில் நிற்பதே அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அண்ணன் குழுவை விட்டு விலகியபோது இடத்தை நிரப்ப வந்தார், கணக்குவழக்கைப் பார்த்துக்கொண்டார், தங்கைக்குப் பின்னால் நின்று பாடினார். குடும்பக் குழு என்றால் இப்படி ஓர் ஆள் எங்காவது இருக்கத்தான் வேண்டும் போலும்.

அறுபது வயதைத் தாண்டிய மேவிஸ் தன் கைக்காசைப் போட்டு ஓர் ஆல்பம் பதிவுசெய்தார். நிறுவனங்கள் பல கையை விரித்தன. சிகாகோவின் அலிகேட்டர் 2004-ல் வெளியிட்டது. 2007-ல் கிதார்க் கலைஞர் ரை கூடரோடு, கறுப்பின உரிமைப் போராட்டக் காலப் பாட்டுகளைப் புதிதாகப் பாடினார். விமர்சகர்கள் கொண்டாடிய ஆல்பம் அது. எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் கூடரின் கெட்டிக்காரத்தனம் சற்றுக் கூடுதலாகவே தெரியும். உண்மையான மாற்றம் அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது. சிகாகோவில் ஹைட்அவுட் என்ற சின்ன இசைக்கூடத்தில், ஒரு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம், பின்னணிக் குரல்கள் சில என்று பாடினார். கிதார் வாசித்த ரிக் ஹோம்ஸ்ட்ராம், பாப்ஸின் பாணியை நகலெடுக்காமல் அதன் அளவை மட்டும் பிடித்திருந்தார். எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதிவு, ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்ட 2008 நவம்பர் 4 அன்று வெளியானது.

அந்தக் கச்சேரியைக் கேட்டவர்களில் வில்கோ குழுவின் ஜெஃப் ட்வீடியும் ஒருவர். அவரும் சிகாகோவில் வசிப்பவர். 2010-ல் அவர் தயாரித்த ‘யூ ஆர் நாட் அலோன்’ மேவிஸுக்கு முதல் கிராமி விருதைக் கொடுத்தது. அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அப்பாவுக்கேகூடத் தனி ஆல்பத்துக்கு 1995-லேயே கிராமி கிடைத்துவிட்டது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். (சிரிப்பு)

ட்வீடியிடம் மேவிஸ் இன்னொரு காரியத்தையும் ஒப்படைத்தார். பாப்ஸ் சாவதற்கு முன் பதிவுசெய்து முடிக்காமல் விட்ட சில பாட்டுகள் இருந்தன. அவற்றைத் தொலைத்துவிடாதே என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ட்வீடி அந்தப் பதிவுகளிலிருந்து பிற்சேர்க்கைகளை நீக்கி, பாப்ஸின் குரலையும் கிதாரையும் முன்னால் கொண்டுவந்து, தானும் தன் மகன் ஸ்பென்சரும் பேஸும் டிரம்மும் வாசித்து, 2015-ல் வெளியிட்டார். ஆல்பத்தின் பெயரே ‘டோன்ட் லூஸ் திஸ்’. இன்னொரு குடும்பத்து அப்பனும் மகனும் சேர்ந்து ஸ்டேபிள் குடும்பத்தின் கடைசிப் பதிவை முடித்துக் கொடுத்தார்கள்.

உடன்பிறந்தவர்களில் சிந்தியா 1973-லேயே போய்விட்டார். அவர் குழுவில் பாடியவர் அல்ல. க்ளியோத்தா 2013-ல், இவான் 2018-ல், பெர்விஸ் 2021-ல். தரையில் வட்டமாக உட்கார்ந்தவர்களில் மேவிஸ் மட்டுமே மிச்சம். கென்னடி மையத்தின் கௌரவம் 2016-ல் வந்தது, அதே ஆண்டு டிலனோடு சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரியும் செய்தார். இப்போது அவர் குரல் முன்புபோல் ஏறுவதில்லை. மேல் ஸ்தாயியை விட்டுவிட்டு, வரியைப் பாதி பேச்சாகச் சொல்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. கீழ்க்குரல் பாடப் பிடிக்கும் என்று சொன்ன பெண்தானே.

எதிலிருந்து தொடங்குவது என்று இளைஞர்கள் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். முதலிடம் பிடித்த பாட்டுகளிலிருந்து வேண்டாம். 1965-ல் சிகாகோ தேவாலயத்தில் நடந்த நிகழ்ச்சியின் முழுப் பதிவு 2015-ல் வெளியாகியிருக்கிறது. பிரசங்கம், காணிக்கை வசூல் எல்லாவற்றோடும் சேர்த்து. அதை முதலில் கேளுங்கள். அடுத்து 2008 ஹைட்அவுட் பதிவு. ‘அன்க்ளவுடி டே’ மூன்றாவதாக வந்தாலும் பரவாயில்லை. பிரின்ஸ் ஆல்பங்களை நான் குறை சொன்னதில் உடன்படாதவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கேள்வி நேரத்தில் அங்கிருந்தே தொடங்கலாம்.